கண்டிச்சீமையில் கத்தியும் கட்டும்

சத்திரசிகிச்சை கையால் செய்யும் வைத்தியம். மருந்தைத் தொலைவிலிருந்து அனுப்பலாம். ஆலோசனையை ஆள் மூலம் சொல்லிவிடலாம். அறுத்து, தைத்து, கட்டுப் போடும் கை மட்டும் நோயாளியின் உடலருகே வந்தாக வேண்டும். அதுவும் நேரத்தோடு வர வேண்டும். குடல் அடைத்துக்கொண்டவருக்கும், மண்டைக்குள் இரத்தம் கட்டியவருக்கும், பிள்ளை குறுக்கே கிடக்கும் தாய்க்கும் சில மணித்தியாலங்களே அவகாசம். மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் கண்டிச்சீமையில் சத்திரசிகிச்சையின் வரலாறு, காயத்துக்கும் கைக்கும் இடையே கிடந்த தூரத்தின் வரலாறாகவே இருந்து வந்திருக்கிறது.

இன்று அந்தக் கைகளில் பல கண்டியில் ஒருசேர இருக்கின்றன. கொழும்புக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய அரச வைத்தியசாலையான கண்டி தேசிய வைத்தியசாலை, சில மைல் தள்ளிப் பேராதனையில் போதனா வைத்தியசாலை, சிறுவருக்கென்று சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலை, பல் மருத்துவ பீடத்தோடு இணைந்த பல் போதனா வைத்தியசாலை ஆகிய நான்கும் ஒரே சாலைத் தொடர்ச்சியில் அமைந்திருக்கின்றன. மாத்தளை, நுவரெலியா, கேகாலை, பதுளை, பொலன்னறுவை என்று பல மாவட்டங்களின் நோயாளர் இங்கு அனுப்பப்படுகிறார்கள்.

இலங்கையில் கத்தி பிடித்த வைத்தியம் கண்டியை விடப் பழையது. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் அத்திவாரம் இன்னும் இருக்கிறது. நோயாளியை மருந்தெண்ணெயில் கிடத்துவதற்கு மனித உருவில் குடைந்த கல் தொட்டியும் அங்கே உண்டு. பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டு ஆளாகன பிரிவெனா வளாகத்தில் அகழ்ந்தபோது கத்தரி, கிடுக்கி, சலாகை போன்ற சத்திரக் கருவிகள் கிடைத்தன. 4ஆம் நூற்றாண்டின் புத்ததாச மன்னனைப் பற்றிச் சூளவம்சம் சொல்லும் கதைகளில் அவன் வைத்தியனாகவே பெரிதும் தோன்றுகிறான். வயிற்றில் கட்டி வந்த பாம்பொன்றின் உடலைக் கீறி, நோயை அகற்றி, ஆற்றிய கதை அவற்றில் பெயர் பெற்றது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் வயிற்றைக் கீறித் திறந்த பின்னும் உயிர் பிழைக்கலாம் என்று அக்காலத்தவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. பேராதனையில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த அர்ஜுன அலுவிஹாரே இந்தப் பழைய வைத்தியசாலைகளின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர்.

கண்டி இராச்சியம் எழுந்த காலத்தில் அந்தப் பெரும் மடாலய வைத்தியசாலைகள் காட்டுக்குள் மறைந்திருந்தன. வைத்தியம் குடும்பங்களின் கைக்கு மாறியிருந்தது. 1660இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிந்திருக்கிறார். தொழில்முறை வைத்தியர் என்றோ சத்திரவைத்தியர் என்றோ தனியாக எவரும் இங்கில்லை, எல்லோருக்கும் கொஞ்சம் கைவைத்தியம் தெரியும், இலையும் பட்டையும் கொண்டு புதுக் காயங்களையும் கண் நோயையும் நன்றாக ஆற்றுகிறார்கள் என்பது அவர் கண்டது. கைதியாகக் கிராமங்களில் வாழ்ந்தவர் பார்த்த வைத்தியம் அது. அரசர் நிலமானியம் கொடுத்துப் பேணிய வைத்தியப் பரம்பரைகளும் கண்டியில் இருந்தன. அவை ஓலைச் சுவடியையும் கைப்பழக்கத்தையும் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கடத்தின.

அந்தப் பரம்பரைகளில் இன்றும் உயிரோடிருப்பது முறிவு நெரிவு வைத்தியம். கித்துள் மரத்திலோ கமுகிலோ ஏறி விழுந்தவர், மிளகு பறிக்கையில் ஏணி சறுக்கியவர், மழைக்கால ஒற்றையடிப் பாதையில் கால் மடங்கியவர் என்று மலைநாடு எலும்பு முறிவுக்குக் குறை வைத்ததில்லை. வைத்தியர் முதலில் விரலால் தடவிப் பார்க்கிறார். முறிந்த இடத்தில் எலும்பு உரசும் நொறுக்கொலி, வீக்கத்தின் சூடு, மூட்டு திரும்பும் அளவு ஆகியவைதான் அவருக்கு எக்ஸ்ரே. பின் ஒருவர் மேலிருந்து பிடிக்க, இன்னொருவர் கீழிருந்து இழுக்க, நடுவில் வைத்தியரின் இரு பெருவிரல்களும் விலகிய எலும்பைத் தன் இடத்துக்குத் தள்ளுகின்றன. எண்ணெய் தடவி, பச்சிலை அரைத்த பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் சுற்றுகிறார்கள். பிரண்டை இந்தப் பற்றுக்களில் அடிக்கடி சேர்கிறது. சில நாளுக்கொருமுறை கட்டை அவிழ்த்து, பார்த்து, திரும்பக் கட்டுகிறார்கள்.

இந்த முறையின் உள்ளே நல்ல அறிவு இருக்கிறது. இழுத்து நேராக்குவதும், நேராக்கியதை அசையாமல் வைப்பதும், தசை இறுகாதபடி காலத்தில் உருவிவிடுவதும் எந்த எலும்பு வைத்தியத்துக்கும் அடிப்படை. ஆனால் தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்த முறிவுக்கும், மூட்டுக்குள் நொறுங்கிய முறிவுக்கும், தொடையெலும்பு முறிந்து தசை இழுத்துக் கால் குறுகிவிட்ட நிலைக்கும் கட்டு மட்டும் போதாது. வீங்கிக்கொண்டிருக்கும் முன்கையை இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தம் ஓடாமல், சில மணித்தியாலத்தில் தசை செத்துவிடும். விரல் நுனி மரத்து, குளிர்ந்து, நீலம் பாரித்து வரும் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பத் தெரிந்தவரே நல்ல கட்டு வைத்தியர். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குப் பிறகு பாரம்பரிய வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். எலும்பு முறிந்தவர்கள் இன்றும் இரண்டு வாசலுக்கும் போகிறார்கள். முதலில் கட்டு வைத்தியர், பிறகு எக்ஸ்ரே என்று போகிறவர்களும் உண்டு. உலோகத் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்த பின் எண்ணெய் உருவப் போகிறவர்களும் உண்டு.

பாரம்பரிய வைத்தியம் கட்டி கீறியது, அட்டை விட்டு இரத்தம் எடுத்தது, சூடு வைத்தது. உடம்பின் ஆழத்துக்குள் அது போகவில்லை. இறந்த உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லாதபோது எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்தக் குழாயை அறுத்தால் உயிர் போகும் என்பதை அறிய வழியில்லை. அந்த அறிவு மலைக்கு வந்தது பட்டாளத்தோடு.

1803இல் பிரித்தானியப் படை கண்டியைப் பிடித்து, காய்ச்சலால் நலிந்து, ஜூன் மாதத்தில் சரணடைந்தபோது நடக்க முடியாத நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிச் சிப்பாய்கள் நகரத்து வைத்தியசாலையிலேயே விடப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி உடன்படிக்கையோடு இராச்சியம் முடிந்தது. 1817–18 ஊவா கிளர்ச்சி அடுத்து வந்தது. இந்தப் போர்களில் துப்பாக்கியும் அம்பும் கொன்றதை விடக் காய்ச்சலும் வயிற்றுளைவும் கொன்றவர்கள் அதிகம். பட்டாள வைத்தியர்களில் இருவர் எழுத்தால் நினைக்கப்படுகிறார்கள். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்து, உள்நாட்டைப் பற்றி விரிவான நூலொன்றை 1821இல் வெளியிட்டார். பாம்பின் நஞ்சை விலங்குகளில் பரிசோதித்து முடிவுகளைப் பதிந்தவரும் அவரே. மற்றவர் ஹென்றி மார்ஷல். சிப்பாய்கள் எதனால் சாகிறார்கள் என்று எண்ணிக் கணக்கெழுதும் முறையைப் பிரித்தானியப் பட்டாளத்துக்குக் கொடுத்தவர் என்று பிற்காலத்தில் போற்றப்பட்டார்.

அதே மார்ஷல் இன்னொரு செயலுக்காகவும் கண்டியில் நினைக்கப்படுகிறார். கிளர்ச்சியின் தலைவன் கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் போகம்பரையில் தலை வெட்டிக் கொல்லப்பட்டான். மண்டையோட்டின் வடிவத்திலிருந்து மனிதனின் குணத்தை அறியலாம் என்ற நம்பிக்கை அப்போது ஐரோப்பாவில் பரவியிருந்தது. மார்ஷல் அந்த மண்டையோட்டை எடுத்துச் சென்று எடின்பரோவின் மண்டையோட்டியல் சங்கத்துக்குக் கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகே அது திரும்பி வந்தது. 1954இல் தலதா மாளிகைக்கு முன்னுள்ள திடலில் அடக்கம் செய்யப்பட்டது. ஒருவனுடைய உடலை அவன் சம்மதமில்லாமல், அவன் குடும்பத்தின் சம்மதமில்லாமல் அறிவுக்கென்று எடுத்துக்கொள்வது மேற்கத்திய உடற்கூற்றியல் வளர்ந்த வழிகளில் ஒன்று. கண்டி அதைத் தன் தலைவன் ஒருவனின் தலையிலேயே கண்டது.

அக்காலப் பட்டாள வைத்தியரின் திறமை வேகத்தில் இருந்தது. மயக்க மருந்து இல்லை. நாலைந்து பேர் அழுத்திப் பிடிக்க, நொறுங்கிய காலை நிமிடக் கணக்கில் அறுத்து எடுத்து, குருதிக்குழாயைக் கட்ட வேண்டும். பிழைத்தவர்களிலும் பலர் புண் சீழ் பிடித்து இறந்தார்கள். 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பொதுவில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே குளோரோபோம் வந்தது. வலி நீங்கியதால் வேகம் அவசியமில்லாமல் போயிற்று. பொறுமையாக, ஆழமாக வேலை செய்யலாம் என்றாயிற்று. சீழ் மட்டும் நீங்கவில்லை.

1867ஆம் ஆண்டு கண்டிச்சீமைக்குப் பல வழியில் முக்கியமானது. கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்தது அந்த ஆண்டில். கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்கென்று தேயிலை நட்டதும் அந்த ஆண்டில். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், காபோலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று புண்ணைச் சீழ் பிடிக்காமல் காக்கலாம் என்ற தம் கட்டுரைகளை வெளியிட்டதும், யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் சத்திரசிகிச்சை நூலொன்றைத் தமிழில் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ரயிலும் தேயிலையும் மலைக்கு வந்து சேர்ந்தன. மற்ற இரண்டும் அப்போது வரவில்லை.

கிறீனின் முயற்சி இங்கே கொஞ்சம் நின்று சொல்லத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் மானிப்பாயில் வைத்தியசாலையும் வகுப்பும் நடத்தினார். ஆங்கிலத்தில் படித்த மாணவர் அரச உத்தியோகம் தேடிப் பட்டணம் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை, வேதியியல் என்று பெரிய ஆங்கிலப் பாடநூல்கள் ஒவ்வொன்றாகத் தமிழாயின. தாய்மொழியில் கற்ற கை தன் ஊரிலேயே இருக்கும் என்று அவர் போட்ட கணக்கு பிழையில்லை. 1873இல் அவர் நாடு திரும்பிய பின் அந்தப் பள்ளி நீடிக்கவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் சத்திரவைத்தியம் கற்பித்த மானிப்பாய்ப் பள்ளி போல் ஒன்று மலைநாட்டில் எழவேயில்லை. இலங்கைத் தமிழர் வரலாற்றில் இது ஒரு பெரிய இழப்பு.

அந்த இழப்பு யாருக்கு என்பது தோட்டங்களைப் பார்த்தால் தெரியும். கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்கு ‘கண்டிச்சீமை’ என்பதே மலைநாட்டின் பெயர். வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர் பலர். வந்து சேர்ந்தவர்களுக்குத் தோட்டத்தில் வைத்தியம் என்று ஏதும் இருக்கவில்லை. 1872இல் வந்த வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்ட மாவட்டங்களுக்கு வைத்திய ஏற்பாடு செய்து, அதன் செலவில் தோட்ட உரிமையாளருக்கும் பங்கு வைத்தது. 1880களிலும் 1912இலும் அது மாற்றி எழுதப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி இதன் வழியில் உருவானது. அங்கே இருந்தவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பயின்றவர். கவ்வாத்துக் கத்தி பட்டுக் கிழிந்த காலைத் தைப்பார், கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பார். தேயிலைத் தொழிற்சாலையின் ரோலரில் கை மாட்டி நசுங்கினால், பிரசவம் அடைத்துக்கொண்டால், வயிறு இறுகிக் கல்லானால் அவரால் ஆவது ஒன்றுமில்லை. கம்பளியில் கிடத்தித் தூக்கியோ, பிற்காலத்தில் தோட்டத்து லொறியில் ஏற்றியோ, பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அனுப்புவதா வேண்டாமா என்பதைத் தோட்டத்தை நிர்வகித்த துரையும் தீர்மானித்த காலம் அது.

1951க்குப் பிறகு அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. சத்திரசிகிச்சையும் அதில் அடங்கும். உலகில் ஏழை நாடுகள் பலவற்றில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும் ஒப்பரேஷன் இங்கே கட்டணமில்லாமல் நடப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களின் வைத்தியம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் வேலை 1990களில் தொடங்கி இழுபட்டுக்கொண்டே வந்தது.

கண்டியைச் சத்திரசிகிச்சை நகரமாக்கியது பேராதனை. 1962இல் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் அங்கு தொடங்கியது. மாணவர் நோயாளியிடம் பாடம் கற்றது கண்டி வைத்தியசாலையில். 1980இல் பேராதனையில் தனிப் போதனா வைத்தியசாலை எழுந்தது. அதற்கும் முன்பே 1954இல் பல் மருத்துவப் பிரிவு கொழும்பிலிருந்து இங்கு இடம்பெயர்ந்திருந்தது. சத்திரவைத்திய நிபுணராக வேண்டுமென்றால் இங்கிலாந்து போய் ராயல் கல்லூரிப் பரீட்சை எழுத வேண்டும் என்றிருந்த நிலையும் 1980ஐ ஒட்டி மாறியது. பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தின் பரீட்சை உள்நாட்டிலேயே வந்தது. அதன்பின் ஒரு காலம் வெளிநாட்டில் பயிற்சி. கண்டியிலேயே படித்து, கண்டியிலேயே கை பழகி, கண்டியிலேயே கற்பிக்கும் நிபுணர் தலைமுறை அப்படி உருவானது.

கை பழகுவது எப்படி? முதலில் இறந்த உடலில். இலங்கையின் மருத்துவ பீடங்களுக்குத் தம் உடலை உயில் எழுதிக் கொடுப்பவர்கள் பலர். பௌத்தரிடையே இது பெரிய தானமாக மதிக்கப்படுகிறது. உடல் கொடுத்தவர்களை நினைத்து மாணவர்கள் பிரித் ஓதுவித்துப் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார்கள். கெப்பெட்டிபொலவின் தலை எடுக்கப்பட்ட மண்ணில் இன்று மாணவரின் கத்தியின் கீழ் கிடப்பது மனமுவந்து கொடுக்கப்பட்ட உடல். இந்த மாற்றத்தை எந்தப் புதுக் கருவியை விடவும் பெரிதாக மதிக்கலாம்.

பிறகு தியேட்டரில் வருடக்கணக்கில் உதவிக்கு நிற்பது. இடுக்கி பிடிப்பது, நூல் வெட்டுவது, தோல் தைப்பது, பிறகு குடல்வால் எடுப்பது என்று பொறுப்பு படிப்படியாகக் கூடுகிறது. தியேட்டருக்குள் நடப்பதைச் சாதாரண வாசகர் பார்ப்பதில்லை. ஆகவே பித்தப்பையோ குடலோ அறுக்கும் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவிலிருந்து நோயாளிக்கு உணவில்லை. வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும். பெயர், நோய், அறுக்க வேண்டிய பக்கம் மூன்றும் வாய்விட்டுக் கேட்கப்படுகின்றன. வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் அறுத்த சம்பவங்கள் உலகெங்கும் நடந்ததால் 2008இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கொரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்தது. இடுப்புக்குக் கீழான வேலைக்கு முதுகுத்தண்டில் ஊசி. மற்றதற்கு முழு மயக்கம். முழு மயக்கத்தில் மூச்சுவிடும் தசைகளும் தளர்த்தப்படுவதால் தொண்டையில் குழாய் செலுத்தி இயந்திரமே மூச்சைத் தருகிறது. அறுப்பவரை நோயாளியின் உறவினர் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அத்தனை நேரமும் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் காத்த மயக்க மருந்து நிபுணரின் பெயர் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது.

தோல், கொழுப்பு, உறை, தசை, வயிற்றுச் சவ்வு என்று அடுக்கடுக்காகத் திறக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் கசியும் இரத்தத்தை இடுக்கியாலும் மின்சூட்டாலும் நிறுத்திய பின்னரே அடுத்ததற்குப் போவது. நல்ல சத்திரவைத்தியரின் வேலையில் இரத்தம் குறைவாகத் தெரியும்; அவசரமும் தெரியாது. உள்ளே வேலை முடிந்து மூடுவதற்கு முன் தாதி ஒருவர் துணித் துண்டுகளையும் ஊசிகளையும் கருவிகளையும் எண்ணிச் சொல்கிறார். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணரானாலும் வயிற்றை மூடக் கூடாது. கருவிகள் 121 பாகை செல்சியஸ் அழுத்த நீராவியில் கிருமி நீக்கப்பட்டு வருகின்றன. லிஸ்டரின் காலத்தில் புண்ணுக்குள் கிருமியைக் கொல்ல முயன்றார்கள். இப்போது கிருமி உள்ளே வராமலே தடுக்கிறார்கள்.

கண்டிக்கும் பேராதனைக்கும் வரும் நோய்களில் குறிப்பிடத்தக்க ஒன்று வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களின் முன்வரிசையில் அது இருக்கிறது. காரணம் தெரிந்ததுதான்: வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் உறுதிசெய்தது. குளிருக்கும் பசிக்கும் மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் களைப்புக்கும் துணையாக வாயில் அடக்கிய வெற்றிலை தோட்டத்துப் பெண்களையும் இந்த நோய்க்கு ஆளாக்குகிறது. பேராதனைப் பல் மருத்துவ பீட ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்து இதை எழுதியிருக்கிறார்கள். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாய் திறக்க முடியாதபடி உட்தோல் இறுகுதல் என்பன முன்னறிகுறிகள். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சிறு வேலையோடு முடியும். மருத்துவிச்சி போன்ற அடிமட்டச் சுகாதார ஊழியரே வாயைத் திறந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை இலங்கையில் 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

தாமதித்து வருபவருக்குத் தாடையெலும்பின் ஒரு பகுதியோ நாக்கின் பாதியோ போக வேண்டியிருக்கும். கட்டியைச் சுற்றி நல்ல தசையும் ஓரளவு சேர்த்து வெட்டி, கழுத்தின் நெறிக்கட்டிகளையும் அகற்றி, விழுந்த குழியை மார்புத் தசையாலோ முன்கைத் தோலாலோ நிரப்புகிறார்கள். முன்கைத் தோலை எடுத்து வைப்பதென்றால் அதன் இரண்டு மூன்று மில்லிமீற்றர்க் குருதிக்குழாய்களைக் கழுத்தின் குழாய்களோடு, நுண்நோக்கியின் கீழ், தலைமயிரை விட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் எடுக்கும் வேலை அது. முன்பே ஒருவர் வாயைத் திறந்து பார்த்திருந்தால் தேவைப்பட்டிராத வேலையும் அதுவே.

தோட்டங்களில் மிகப் பரவலாக நடந்த சத்திரசிகிச்சை நோய்க்கானதே அல்ல. எல்.ஆர்.டி. என்று மக்கள் சொல்லும் பெண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை 1980களில் ஊக்கத்தொகையோடு நாடெங்கும் நடத்தப்பட்டது. தோட்டப் பெண்களிடையே அதன் வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விடக் கூடுதலாக இருந்தது. பல பிள்ளை பெற்று நலிந்த உடம்புக்கு அது ஓய்வு கொடுத்ததும் உண்மை. வேறு கருத்தடை வழிகள் போதிய அளவு விளக்கப்படாமல், பணமும் நிர்வாகத்தின் தூண்டுதலும் சேர்ந்து நடந்த இடங்களில் அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதமென்று சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதியது நியாயமே. கையொப்பமிடும் படிவம் நோயாளியின் மொழியில் இல்லாவிட்டால், விளக்கும் வைத்தியரும் கேட்கும் தாயும் ஒரு மொழி பேசாவிட்டால், அந்தக் கையொப்பத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது. கண்டியின் வார்டுகளில் தமிழ் தெரிந்த தாதியும் சிற்றூழியரும் மொழிபெயர்த்துச் சொல்லியே எத்தனையோ ஒப்பரேஷன்கள் நடந்திருக்கின்றன. அதைச் சம்பளப் பட்டியலில் எழுதாத சேவை என்றே சொல்ல வேண்டும்.

கண்டி இன்று நாடறிய நிற்பது உறுப்பு மாற்றத்தில். 1990கள் முதல் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியது. அவர்களில் பலருக்குக் கண்டியே புகலிடம். ஆகவே இங்கே சிறுநீரக மாற்றம் வழக்கமான வேலையானது. கெட்ட சிறுநீரகத்தைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் பக்கத்தில், இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, அதன் நாளத்தையும் நாடியையும் அங்குள்ள பெரிய குழாய்களோடு தைத்து, சிறுநீர்க் குழாயை மூத்திரப் பையில் இணைக்கிறார்கள். இறுக்கியை விட்டதும் வெளிறிக் கிடந்த உறுப்பு சிவந்து விறைக்கிறது. சில வேளை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்குகிறது.

2017 ஜூலையில் இலங்கையின் முதல் இதய மாற்றச் சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. வீதி விபத்தில் மூளைச்சாவடைந்த இளைஞரின் இதயம் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் அனில் அபேவிக்ரம தலைமையிலான குழு அதைச் செய்தது. கேப் டவுனில் 1967 டிசம்பரில் கிறிஸ்டியான் பார்னார்ட் செய்ததற்கும், டெல்லியில் 1994இல் வேணுகோபால் செய்ததற்கும் பிறகு வந்ததானாலும், கட்டணமில்லாத அரச வைத்தியசாலையில், தலைநகருக்கு வெளியே நடந்தது என்பது சிறப்பு. எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்துக்குள் புதிய நெஞ்சில் துடிக்க வேண்டும். இங்கேயும் காயத்துக்கும் கைக்கும் இடையிலான தூரமே கணக்கு.

கொடுப்பவர் இல்லாமல் இதில் எதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனித இழைய மாற்றுச் சட்டம் வழியைத் திறந்தது. மனத்தைத் திறந்தது அதற்கு முந்தியது. சிபி மன்னன் தன் கண்களைப் பெயர்த்துக் கொடுத்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களிடையே 1961இல் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கம் தொடங்கினார். இலங்கையின் கண்கள் பல நாடுகளுக்குப் போயின. புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்த சிபியைத் தமிழரும் அறிவார்கள். ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்னும் சூடாக, மூச்சு ஏறி இறங்கும் உடலைப் பார்த்தபடி நிற்கும் தாயிடம் மூளை இறந்துவிட்டது என்று சொல்லி, உறுப்பைக் கேட்பது வேறு வகைத் திறமை. அதையும் சத்திரசிகிச்சையின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

தூரம் குறைந்துகொண்டு வருகிறது. இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் டிக்கோயா வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு நாடு முழுவதும் வந்தது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குச் சற்றுத் தள்ளியாவது வந்து நிற்கிறது. நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் செய்யக்கூடியதை அங்கேயே செய்து, பெரியதை மட்டும் கண்டிக்கு அனுப்பினால் கண்டியின் காத்திருப்புப் பட்டியலும் குறையும்.

மிஞ்சியிருப்பது ஒப்பரேஷனுக்குப் பின்னான தூரம். உறுப்பு மாற்றியவர் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய்ப் புற்றுநோய் அறுத்தவருக்கு முதல் இரண்டாண்டில் அடிக்கடி பரிசோதனை உண்டு. நோய் திரும்புவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கண்டிக் கிளினிக்குக்கு வருபவர் விடியுமுன் பஸ் பிடித்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார். அன்றைக்குத் தோட்டத்தில் பெயர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. கூட வருபவருக்கும் விழாது. ஆகவே இரண்டாவது, மூன்றாவது தவணையோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் அதே மாத்திரையையும் அதே பரிசோதனையையும் கொடுக்கும் கிளினிக்குகள், கண்டியில் இன்னொரு தியேட்டர் கட்டுவதை விடக் குறைந்த செலவில் கூடுதல் உயிரைக் காக்கும்.